எல்.இ.டி. பல்பும் டிம்மர் ஸ்விட்சும்
(அரசு அலுவலர்களும் பட்ட மேற்படிப்பு மாணவர்களும் கலந்துகொண்ட எரிசக்திச் சிக்கனக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எரிசக்திச் சிக்கனம் என்னும் பெரும் பொருளை ஆராயக் கூடியுள்ள இந்த அரங்கில், வீட்டுச் சுவரில் பொருத்தப்படும் ஒரு சிறு திருகு ஸ்விட்சைப் பற்றி நான் பேச முற்படுவது உங்களிற் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். மின் உற்பத்தி, மின் கடத்தல், சூரிய சக்தி ஆகியவற்றைப் பற்றியெல்லாம் அறிஞர்கள் பேசிய பின்னர் இது மிகச் சிறிய செய்தியாகவே தோன்றும். ஆயினும், எந்தத் திட்டமும் இறுதியில் ஒரு குடும்பத்தின் அன்றாடப் பழக்கத்தைத் தொட்டாக வேண்டும். அவ்வாறு தொடும் இடத்தில் ஏற்படும் சிறு பிசகு, திட்டத்தின் மீது மக்களுக்குள்ள நம்பிக்கையைக் குலைத்துவிடும். அத்தகைய ஓர் இடத்தையே இன்று நான் எடுத்துக்கொண்டுள்ளேன்.

விளக்கின் ஒளியை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் உதவும் திருகு ஸ்விட்சை டிம்மர் என்கிறோம். படுக்கையறையிலும், வரவேற்பறையிலும், கூட்ட அரங்குகளிலும், விருந்தினர் விடுதிகளிலும் இதனைக் காணலாம். இவற்றுள் பெரும்பாலானவை இழை பல்புகள், அதாவது நாம் ‘குண்டு பல்பு’ என்று அழைக்கும் பழைய பல்புகள், புழக்கத்தில் இருந்த காலத்தில் பொருத்தப்பட்டவை. பல்பு மாறிவிட்டது, டிம்மர் மாறவில்லை. இவ்விரண்டிற்கும் இடையே எழும் பொருத்தமின்மையும், அதனால் விளையும் ஆபத்தும், அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்ற கேள்வியுமே என் உரையின் சாரம்.

மாற்றத்தின் அளவு

நம் நாட்டில் விளக்குத் துறையில் ஏற்பட்ட மாற்றத்தின் வேகம் குறிப்பிடத்தக்கது. 2015-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘உஜாலா’ திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. பல்புகள் வழங்கப்பட்டுள்ளன. மத்திய மின்சார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் எரிசக்தித் திறன் சேவை நிறுவனம் இதனைச் செயற்படுத்தியது. இத்திட்டம் பல்பின் விலையில் அரசு மானியம் எதனையும் சேர்க்கவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கோடிக் கணக்கில் ஒருசேரக் கொள்முதல் செய்யும் ஆற்றலைக் கொண்டே விலை குறைக்கப்பட்டது. 2014-இன் தொடக்கத்தில் ரூ. 310 ஆக இருந்த ஒரு பல்பின் கொள்முதல் விலை, 2016-இல் ரூ. 38 ஆக இறங்கியது. ஒருங்கிணைந்த தேவை சந்தையை எவ்வாறு மாற்றியமைக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

விலை குறைந்தது; தரமும் கவனிக்கப்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் எல்.இ.டி. பல்புகளுக்கென ஐ.எஸ். 16102 என்னும் தரத்தை வகுத்துள்ளது. அதன் முதற் பகுதி பாதுகாப்பையும், இரண்டாம் பகுதி செயல்திறனையும் பற்றியது. பின்னர் இப்பல்புகள் கட்டாயப் பதிவு முறையின் கீழும் கொண்டு வரப்பட்டன. எரிசக்தித் திறன் அமைவனத்தின் நட்சத்திரக் குறியீடோ, ஒரு வாட் மின்சாரத்திற்கு எவ்வளவு ஒளி கிடைக்கிறது என்பதைச் சொல்கிறது. ஆகவே இன்று நுகர்வோர் ஒருவர் கடையில் வாங்கும் பல்பைப் பற்றி அறிந்துகொள்ளப் போதிய வழிகள் உள்ளன. ஆனால் அந்தப் பல்பை எந்த ஸ்விட்சுடன் இணைக்கலாம், எதனுடன் இணைக்கலாகாது என்பதை நட்சத்திரங்கள் சொல்வதில்லை.

பழைய பல்பும் டிம்மரும்

இப்பொருத்தமின்மை எவ்வாறு எழுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, சற்று மின்னியலுக்குள் செல்ல வேண்டும். நான் பொருளாதாரம் பயின்றவன், பொறியாளன் அல்லன். எனினும், ஒரு கொள்கையை வகுப்பவர் அது தொடும் பொருள் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பொதுவாகவேனும் அறிந்திருத்தல் நன்று.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ள மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு 50 முறை முழு அலையாக, அதாவது 100 முறை அரை அலையாக வருகிறது. ஒவ்வோர் அரை அலையும் நொடியில் நூறில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும். டிம்மர் செய்வது யாதெனில், ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு எஞ்சியதை மட்டும் பல்புக்கு அனுப்புவதாகும். இப்பணியைச் செய்யும் ‘டிரையாக்’ என்னும் குறைகடத்திச் சாதனம் 1960-களில் புழக்கத்திற்கு வந்தது. நம் வீடுகளில் உள்ள பழைய டிம்மர்கள் பெரும்பாலும் இதனைக் கொண்டவையே. இவை அரை அலையின் தொடக்கத்தில் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தி, நடுவழியில் திடீரெனத் திறந்துவிடுகின்றன.

இழை பல்புக்கு இது எவ்விதத் தீங்கும் செய்யவில்லை. அது வெறும் சூடேறும் கம்பி. குறைந்த மின்சாரம் சென்றால் குறைவாகச் சூடேறும், குறைவாக ஒளிவிடும். வெட்டி வெட்டி வந்தாலும் இழையின் வெப்பம் உடனே தணியாதாகையால் கண்ணுக்குத் துடிப்பு தெரிவதில்லை. இழையின் ஆயுளும் கூடிற்று. சிக்கனத்தில்தான் அது பின்தங்கியது. அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் இழை பல்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, பத்தில் ஒரு பங்கு ஒளியையே தரும். மங்கலான ஒளிக்கு நாம் அன்று செலுத்திய விலை மிக அதிகம்.

கிராமத்தில் நன்மை, டிம்மரில் தீமை

எல்.இ.டி. பல்பு முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்தது. அதன் அடிப்பகுதிக்குள் ‘டிரைவர்’ எனப்படும் ஒரு சிறு மின்னணுச் சுற்று உள்ளது. வரும் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக மாற்றி, மின்தேக்கியில் சேமித்து, ஒளியுமிழும் சில்லுகளுக்குச் சீரான அளவில் அனுப்புவது அதன் பணி.

நம் நாட்டின் நிலைமையை ஒட்டி இங்கே ஒரு நுட்பம் அமைந்துள்ளது. மின்னழுத்தம் அடிக்கடி ஏறியிறங்கும் சிற்றூர்களில் பழைய பல்பு மாலை வேளையில் செந்நிறமாக மங்கி எரிந்தது நினைவிருக்கும். எல்.இ.டி. பல்பு அங்கே அவ்வளவு எளிதில் மங்குவதில்லை. அழுத்தம் குறைந்தாலும் டிரைவர் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து ஒளியை நிலைநிறுத்துகிறது. கிராமத்து மாணவனுக்கு இது பெரும் நன்மை.

ஆனால் இதே பல்பை டிம்மருடன் இணைத்துவிட்டால் நிகழ்வது என்ன? டிம்மர் மின்சாரத்தை வெட்டுகிறது. பல்போ, அழுத்தம் குறைந்துவிட்டது என்றெண்ணி ஒளியைக் காக்க முயல்கிறது. ஒன்று குறைக்க, மற்றொன்று ஈடுசெய்ய, இரண்டும் ஒன்றோடொன்று போராடுகின்றன. அரை அலையின் நடுவில் மின்சாரம் திடீரெனத் திறக்கப்படும்போது அழுத்தம் ஏறக்குறைய 325 வோல்ட் உச்சத்தை ஒட்டி இருக்கக்கூடும். வெறுமையாயுள்ள மின்தேக்கிக்குள் அது ஒரே வீச்சில் பாய்கிறது. இவ்வீச்சு நொடிக்கு நூறு முறை திரும்பத் திரும்ப நிகழ்கிறது. இதற்கென வடிவமைக்கப்படாத சுற்று சூடேறுகிறது. சில நாட்களிலோ சில வாரங்களிலோ பழுதடைகிறது.

மற்றுமொரு காரணமும் உண்டு. டிரையாக் திறந்தே இருக்க வேண்டுமானால் அதன் வழியே ஒரு குறைந்தபட்ச மின்னோட்டம் செல்ல வேண்டும். 100 வாட் இழை பல்பு 435 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை எடுத்தது. 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுப்பதோ சுமார் 40 மில்லி ஆம்பியர் மட்டுமே. பழைய டிம்மருக்கு இச்சுமை போதாமற்போவதால், அது திறப்பதும் மூடுவதுமாகத் தடுமாறுகிறது. பல்பு சிமிட்டுவதற்குக் காரணம் இதுவே.

அறிகுறிகளும் ஆபத்துகளும்

வீட்டில் இருப்பவர் காணக்கூடிய அறிகுறிகள் சில உள. விளக்கு துடிக்கும் அல்லது சிமிட்டும். பல்பிலிருந்தோ டிம்மரிலிருந்தோ ரீங்காரம் போன்ற ஓசை எழும். திருகைக் குறைத்துக்கொண்டே வருகையில் ஒளி படிப்படியாகக் குறையாமல் திடீரென அணைந்துவிடும். மீண்டும் கூட்டும்போது பாதி வழியில் சட்டென எரியும். அணைத்த பின்னும் பல்பு மங்கலாக ஒளிர்வதுண்டு. இந்த இறுதி அறிகுறி டிம்மர் இல்லாத இடங்களிலும் தோன்றலாம். ஸ்விட்சைப் பேஸ் கம்பியில் இணைக்காமல் நியூட்ரல் கம்பியில் இணைத்திருந்தாலும், ஸ்விட்சில் சிறு சுட்டு விளக்கு பொருத்தப்பட்டிருந்தாலும் இவ்வாறு நிகழும். முதற் காரணம் ஓர் ஒயரிங் பிழை. அதனை உடனே திருத்த வேண்டும். ஏனெனில் ஸ்விட்ச் அணைந்திருக்கும்போதும் பல்பு மாட்டும் ஹோல்டரில் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும்.

இவற்றைத் தொல்லை என்று மட்டும் ஒதுக்கிவிட இயலாது. டிம்மரின் முகப்பு தொட இயலாதவாறு சூடாதல், பல்பின் அடிப்பகுதி பழுப்பேறுதல், கருகும் வாடை ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். அவற்றைக் கண்டவுடன் மின்சாரத்தை நிறுத்தி, பயன்பாட்டைக் கைவிட வேண்டும். நாற்புறமும் மூடிய கண்ணாடிக் கூடுகளில் பொருத்தப்பட்ட பல்புகளுக்கு வெப்பம் வெளியேற வழியில்லையாகையால், அங்கே கேடு விரைந்து நிகழும்.

துடிப்பும் உடல்நலத்தைப் பாதிக்கக் கூடியது. கண்ணுக்குத் தெரியாத வேகத் துடிப்பினாலும் சிலருக்குத் தலைவலியும் கண் சோர்வும் உண்டாகின்றன. கண்ணுக்குத் தெரியும் மெதுவான துடிப்பு, ஒளியால் வலிப்பு தூண்டப்படும் இயல்புடையவர்களுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடும். துடிக்கும் ஒளியில், சுழலும் இயந்திரம் நின்றுவிட்டது போலவோ மெதுவாகச் சுழல்வது போலவோ தோற்றம் தரும். வீட்டையே தொழிற்கூடமாகக் கொண்டு கடைசல் இயந்திரமோ தீவன வெட்டியோ இயக்குபவர்கள் உள்ள நம் நாட்டில் இதனை அலட்சியப்படுத்தலாகாது.

பொறுப்பு யாருடையது?

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் அலுவல் நிமித்தம் தங்கிய ஓர் அரசு விருந்தினர் விடுதியில் கண்டதை இங்கே கூற விரும்புகிறேன். அதன் கூட்ட அறையில் 24 இழை பல்புகள், ஒவ்வொன்றும் 40 வாட், ஒரே டிம்மரின் கீழ் இருந்தன. மொத்தச் சுமை 960 வாட். டிம்மரின் கொள்திறன் 1,000 வாட். சிக்கன நடவடிக்கையாக அவை அனைத்தும் 9 வாட் எல்.இ.டி. பல்புகளாக மாற்றப்பட்டன. சுமை 216 வாட்டாகக் குறைந்தது. ஏட்டளவில் இது முன்னினும் பாதுகாப்பான ஏற்பாடு. ஆனால் ஒரே மாதத்திற்குள் பல்புகள் ஒவ்வொன்றாகப் பழுதடையத் தொடங்கின.

பண்டகக் காப்பாளர், பல்பு மட்டமானது என்று குறிப்பெழுதினார். பல்பை வழங்கியவர், உறையின் மேல் டிம்மருடன் பயன்படுத்தலாகாது என அச்சிட்டுள்ளோம் என்று பதிலெழுதினார். அந்த எச்சரிக்கை மிகச் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. மின் பணியாளர், பல்பை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். டிம்மரை மாற்றும்படி எவரும் சொல்லவில்லை என்றார். விலைப்புள்ளிகளை ஆராய்ந்த கணக்குப் பிரிவோ, குறைந்த விலையைத் தேர்ந்தெடுத்ததில் விதி மீறல் ஏதுமில்லை என்றது. அவரவர் கோப்பின்படி அவரவர் கூறியது சரியே. ஆயினும் பொதுப் பணம் வீணாயிற்று. டிம்மரின் முகப்பு கருகும் நிலையில் இருந்தது.

பொருளாதார மாணவர்கள் இதில் ஒரு பழைய பாடத்தைக் காண்பார்கள். வாங்குபவர் அறியாததை விற்பவர் அறிந்திருக்கும் சந்தை எவ்வாறு தடுமாறும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் விளக்கினார். அவருக்கு 2001-இல் பொருளாதாரத்திற்கான நோபல் பரிசும் கிடைத்தது. நம் சிக்கல் அதனினும் ஒரு படி சிக்கலானது. பல்பு தயாரிப்பவருக்கு அது எந்த டிம்மருடன் இணைக்கப்படும் என்பது தெரியாது. டிம்மர் தயாரித்தவருக்கு, பத்தாண்டுகளுக்குப் பின் வரப்போகும் பல்பைப் பற்றித் தெரியாது. இரண்டும் தனித்தனியே தரமானவையாக இருந்தும், இணைப்பு தரமற்றதாகிறது. பொருளுக்குத் தரம் வகுத்துள்ளோம், பொருத்தத்திற்கு வகுக்கவில்லை. அந்த இடைவெளியின் செலவை, அதனைப் பற்றி ஏதுமறியாத நுகர்வோரே ஏற்கிறார்.

மங்கச் செய்வதால் மிச்சமாவது எவ்வளவு?

சிக்கனத்திற்காகவே டிம்மரை வைத்துக்கொள்கிறோம் என்று கூறுவோர் உளர். இக்கருத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

60 வாட் இழை பல்புக்குப் பதிலாக 9 வாட் எல்.இ.டி. பல்பை நாளொன்றுக்கு 5 மணி நேரம் பயன்படுத்தினால், ஆண்டில் ஏறத்தாழ 93 யூனிட் மிச்சமாகும். யூனிட் ஒன்றுக்கு 6 ரூபாய் எனக் கொண்டால் இது சுமார் 558 ரூபாய். இது கணிசமான தொகை. அடுத்து, அதே 9 வாட் பல்பை நாளொன்றுக்கு 4 மணி நேரம் பாதி மின்சாரத்தில் எரித்தால், ஆண்டில் மிச்சமாவது 6.57 யூனிட், அதாவது சுமார் 39 ரூபாய். புதிய டிம்மரின் விலையும், டிம்மருக்கு ஏற்ற பல்பின் கூடுதல் விலையும், பொருத்தும் கூலியும் இதனால் ஈடாகப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

எனவே, ஒரு சிறு அறைக்கு டிம்மர் வேண்டுமா என்பதை வசதி கருதித் தீர்மானிக்கலாமே தவிர, சிக்கனம் கருதித் தீர்மானிப்பது பொருந்தாது. முதியவரின் அறை, குழந்தை உறங்கும் அறை, நோயாளியின் அறை ஆகியவற்றில் மெல்லிய ஒளி தேவைப்படுவது இயல்பே. அத்தேவையை வேறு வழியிலும் நிறைவேற்றலாம். குறைந்த வாட் கொண்ட தனி இரவு விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டால் போதும். பழைய காலத்தில் ‘ஜீரோ வாட்’ என்று விற்கப்பட்ட இழை பல்பு உண்மையில் 15 வாட் வரை மின்சாரத்தை எடுத்தது. இன்று அரை வாட் எல்.இ.டி. இரவு விளக்கே கிடைக்கிறது.

ஒளியைக் குறைப்பதால் பெரும் மிச்சம் கிடைக்கும் இடங்களும் உண்டு. தெரு விளக்குகள் அவற்றுள் முதன்மையானவை. உஜாலாவுடன் ஒரே நாளில் தொடங்கப்பட்ட தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் கீழ் ஒரு கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. தெரு விளக்குகள் பொருத்தப்பட்டுள்ளன. ஒரு நகராட்சி 70 வாட் கொண்ட ஆயிரம் விளக்குகளை, போக்குவரத்துக் குறைந்த 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைத்தால், ஆண்டொன்றுக்கு 76,650 யூனிட் மிச்சமாகும். மேற்கூறிய விலைப்படி இது சுமார் ரூ. 4.6 இலட்சம். இத்தகைய இடங்களில் மின் அலையை வெட்டுவதில்லை. கட்டுப்பாட்டுக்கெனத் தனிக் கம்பியோ தனிச் சமிக்ஞையோ கொண்டு விளக்கின் டிரைவருக்கே கட்டளை அனுப்புகிறார்கள். விளக்கும் கட்டுப்பாடும் ஒருங்கே திட்டமிடப்படுவதால் அங்கே போராட்டம் எழுவதில்லை.

குடும்பங்கள் மேற்கொள்ள வேண்டியவை

வீட்டில் ஏற்கெனவே டிம்மர் உள்ளவர்கள் செய்யத்தக்கவற்றை வரிசையாகக் கூறுகிறேன். அலுவலர்கள் இவற்றைத் தம் பகுதி மக்களுக்கு எடுத்துரைக்கலாம்.

முதலாவதாக, டிம்மர் தேவையில்லையெனில் அதனை அகற்றிவிட்டுச் சாதாரண ஸ்விட்சைப் பொருத்திவிடுவதே மிகப் பாதுகாப்பான, மிக மலிவான வழி. டிம்மரை எப்போதும் முழு அளவில் வைத்திருந்தால் போதும் என்று எண்ணுவது சரியன்று. முழு அளவில் வைத்தாலும் மின்சாரம் டிரையாக் வழியாகவே செல்கிறது. அலையின் ஒரு சிறு பகுதி அப்போதும் வெட்டப்படலாம்.

இரண்டாவதாக, டிம்மரை வைத்துக்கொள்ள விரும்பினால், உறையின் மேல் ‘டிம்மபிள்’ என்று தெளிவாக அச்சிடப்பட்ட பல்பையே வாங்க வேண்டும். அவ்வாறு குறிப்பிடப்படாத பல்பு டிம்மருக்கு உகந்ததன்று என்றே கொள்ள வேண்டும். கைப்பேசியால் இயக்கப்படும் ‘ஸ்மார்ட்’ பல்புகளில் ஒளியைக் குறைக்கும் வசதி உள்ளேயே அமைந்திருப்பதால், அவற்றைச் சாதாரண ஸ்விட்சுடன் மட்டுமே இணைக்க வேண்டும்.

மூன்றாவதாக, டிம்மரும் எல்.இ.டி.க்கு உகந்ததாக இருத்தல் வேண்டும். அரை அலையின் பின்பகுதியை வெட்டும் வகை டிம்மர்கள் இப்போது கிடைக்கின்றன. இவை மின்சாரத்தை மெதுவாக எழவிட்டுப் பின்னரே துண்டிப்பதால், மின்தேக்கிக்குள் திடீர் வீச்சு பாய்வதில்லை. எல்.இ.டி. பல்புகளுக்குப் பொதுவாக இவையே ஏற்றவை. எனினும், பல்பு தயாரிப்பாளர் எவ்வகையைப் பரிந்துரைக்கிறார் என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

நான்காவதாக, டிம்மரின் மேல் எழுதியுள்ள வாட் அளவு இழை பல்புக்கு உரியது. எல்.இ.டி.க்கெனத் தனி அளவு தரப்பட்டிருந்தால் அதனையே கடைப்பிடிக்க வேண்டும். தரப்படாத பழைய டிம்மரில் பத்தில் ஒரு பங்கையே கணக்கில் கொள்வது நடைமுறை. 400 வாட் டிம்மரில் 40 வாட்டுக்கு மேல் எல்.இ.டி. பல்புகளை இணைக்கலாகாது. நான் கூறிய விருந்தினர் விடுதியில் இக்கணக்கின்படி 100 வாட்டே தகும். அங்கே இருந்ததோ 216 வாட். குறைந்தபட்சச் சுமை எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே கட்டுப்பாட்டில் பல பல்புகள் இருந்தால் அவை அனைத்தும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இருத்தல் நலம்.

ஐந்தாவதாக, மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கொண்டு விளக்கை மங்கச் செய்வதும், விளக்கின் டிம்மரைக் கொண்டு விசிறியை இயக்குவதும் கூடாது. தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் இவை வெவ்வேறு சுமைகளுக்கானவை. சதுர அலை தரும் மலிவான இன்வர்ட்டரில் ஓடும் விளக்குகளுக்கும் டிம்மரைத் தவிர்ப்பது நன்று. அலையின் வடிவத்தை நம்பியே டிம்மர் வேலை செய்கிறது.

ஆறாவதாக, பல்பை மாற்றுவதற்கு முன்பு டிம்மரைக் குறைத்து வைத்தால் மட்டும் போதாது. பல டிம்மர்களில் அணைந்த நிலையிலும் மின்கசிவு இருக்கும். எம்.சி.பி.யையோ மெயின் ஸ்விட்சையோ நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். டிம்மரை மாற்றும் பணியை உரிமம் பெற்ற மின் பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

அலுவலகங்கள் மேற்கொள்ள வேண்டியவை

அரசுக் கட்டடங்களில் பல்புகளை மாற்ற முற்படும் அலுவலர்கள், எத்தனை பல்புகள் தேவை என்று கணக்கெடுக்கும்போதே, அவற்றுள் எத்தனை டிம்மரின் கீழ் உள்ளன என்பதையும் கணக்கெடுக்க வேண்டும். அரங்குகள், மருத்துவமனை வார்டுகள், விடுதிகள் ஆகியவற்றில் இது மிகவும் இன்றியமையாதது. டிம்மரின் கீழுள்ள விளக்குகளுக்குத் தனி விவரக்குறிப்பு தயாரித்து, பல்பையும் டிம்மரையும் ஒரே கொள்முதலாகக் கோருவது நன்று. ஐந்நூறு பல்புகளை வாங்குவதற்கு முன் ஓர் அறையில் முழுத் தொகுதியையும் பொருத்தி, மிகக் குறைந்த ஒளியிலிருந்து முழு ஒளி வரை ஒரு வாரம் இயக்கிப் பார்த்துச் சான்றளிக்கச் செய்யலாம். இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். குறைந்த விலைப்புள்ளியை ஏற்பது விதி என்பது உண்மையே; ஆனால் எதற்கான விலைப்புள்ளி என்பதைத் தீர்மானிப்பது நம் கையில் உள்ளது.

பொருத்தத்திற்கும் தரம் வேண்டும்

இறுதியாக, கொள்கை பற்றி ஒரு கருத்தை முன்வைக்கிறேன். இது என் சொந்தக் கருத்து.

சமையல் எரிவாயுவை எண்ணிப் பாருங்கள். சிலிண்டர், ரெகுலேட்டர், இரப்பர்க் குழாய், அடுப்பு என நான்கு பொருள்கள் ஒரு சமையலறையில் இணைகின்றன. எது எதனுடன் பொருந்தும் என்பதை இல்லத்தரசியின் ஊகத்திற்கு நாம் விட்டுவிடவில்லை. வால்வும் ரெகுலேட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வகுக்கப்பட்டுள்ளன. புதிய இணைப்பு தரும்போது அதனைப் பயன்படுத்தும் முறையும் சொல்லித் தரப்படுகிறது. விளக்குத் துறையிலும் இத்தகைய முயற்சி வெளிநாடுகளில் நடந்துள்ளது. அமெரிக்காவின் மின்சாதன உற்பத்தியாளர் சங்கமான ‘நேமா’, அலையை வெட்டும் டிம்மருக்கும் எல்.இ.டி. விளக்குக்கும் இடையிலான பொருத்தத்திற்கென்றே 2013-இல் ஒரு தரத்தை வெளியிட்டது. நம் நாட்டு மின்னழுத்தத்திற்கும், நம் வீடுகளின் ஒயரிங்குக்கும் ஏற்ற வகையில் இத்தகைய தரம் இங்கும் பரவலாக வழக்கில் வர வேண்டும்.

அதுவரையிலும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டிம்மருக்கு உகந்ததா, அன்றா என்பதைப் பல்பின் உறையின் முகப்பிலேயே, கண்ணுக்குத் தெரியும் அளவில், ஒரு படக்குறியாகவும் அந்தந்த மாநில மொழியிலும் அச்சிடச் செய்யலாம். சைவ உணவுக்குப் பச்சைப் புள்ளி என்பதை எழுத்தறியாதவரும் இன்று அறிவர். அது போன்ற எளிமையே இங்கும் தேவை.

டிம்மர் வசதியுள்ளவர் வீட்டுப் பொருள்தானே, அதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று நீங்கள் கேட்கலாம். அந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர் வசதி படைத்தவராக இருக்க வேண்டுவதில்லை. அரசு மருத்துவமனை வார்டில் படுத்திருப்பவரும் அத்தகையவரல்லர். உத்தரவாதக் காலத்திற்குள் பழுதடைந்த பல்பைத் திருப்பித் தரச் செல்பவரிடம், டிம்மருடன் பயன்படுத்தினால் உத்தரவாதம் பொருந்தாது என்று கூறப்பட்டால், அவர் குறை கூறப்போவது டிம்மரையன்று, எல்.இ.டி. பல்பையே. அடுத்த முறை அவர் பழைய மஞ்சள் பல்பைத் தேடிச் செல்வார். முயன்று ஈட்டிய ஒரு தேசியப் பயன், வீடு வீடாக, ஓசையின்றிக் கரைந்துபோகும்.

விலையைக் குறைத்து நல்ல பொருளை மக்கள் கையில் சேர்ப்பதில் நாம் வெற்றி பெற்றுவிட்டோம். அப்பொருள் அவர்கள் வீட்டில் ஏற்கெனவே உள்ள பொருள்களுடன் பாதுகாப்பாக இணைந்து வாழவும் வழி செய்தாலன்றி அவ்வெற்றி முழுமை பெறாது. இன்று இங்கே கூடியுள்ள அலுவலர்கள் தம் அலுவலகக் கட்டடத்தில் டிம்மரின் கீழுள்ள விளக்குகளின் பட்டியலை இம்மாதத்திற்குள் தயாரித்தால், மாணவர்கள் தம் வீட்டிலும் அண்டை வீடுகளிலும் உள்ள ஸ்விட்சுப் பலகைகளை ஒரு முறை பார்வையிட்டால், இக்கருத்தரங்கு பயனுள்ளதாக அமைந்தது என்று நான் மகிழ்வேன்.